உலைக்குப் போகவேண்டாத வண்டி

சென்னையிலிருந்து கல்கத்தாவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் செங்குன்றத்தைக் கடந்து, காரனோடையில் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டியை அடைகிறவர் எவரும், தமக்கு முன்னும் பின்னும் பழைய இரும்பைத் தார்ப்பாய் கிழியுமளவுக்கு அடைத்துக்கொண்டு போகும் லாரிகளைக் காணாமல் அந்தப் பிரயாணத்தை முடிக்க இயலாது. சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் உள்ள மின் உலைகள் 1,500 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் அந்த இரும்பை உருக்கிக் கட்டிகளாக வார்க்கின்றன. ரோலிங் மில்கள் அக்கட்டிகளை வீடு கட்டும் கம்பிகளாக நீட்டுகின்றன. தேசத்துக்குப் பிரயோஜனமான தொழில்தான் அது. உடைந்த யந்திரமும் மக்கிய தகடும் கம்பியாக மறுஜன்மம் எடுப்பதை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்தச் சுமைகளுக்குள் இன்னும் ஜீவன் பிரியாத வண்டிகளும் அகப்பட்டுக்கொள்கின்றன என்பதையும், அவற்றுள் ஒருவருடைய அபிமானத்துக்கும் ஆளாகாமல் அழிந்துகொண்டிருப்பவை சிறிய சரக்கு வண்டிகளே என்பதையும், அவற்றை மீட்பது பயனற்ற பொழுதுபோக்கன்று என்பதையும் சற்று விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த வட்டாரத்துக்கு அந்த வண்டிகளின்மேல் விசேஷமான பாத்தியதை உண்டு. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் எண்ணூரில் தோன்றிய கம்பெனி, 1955இல் அசோக் லேலண்டாகித் தென்னாட்டின் சாலைகளையெல்லாம் தன் லாரிகளாலும் பஸ்களாலும் நிரப்பிற்று. திருவள்ளூரையடுத்த அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் மிட்சுபிஷி லான்ஸர் கார்களைச் செய்தது. அதே தொழிற்சாலையில் 2013ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இசுஸு கம்பெனியின் டி-மேக்ஸ் பிக்கப் வண்டிகளும் உருவாயின என்பதும், 2016இல் ஆந்திர எல்லைக்கப்பால் ஸ்ரீசிட்டியில் இசுஸு தன் சொந்த ஆலையைத் திறந்தபின் அந்த வேலை அங்கே பெயர்ந்துவிட்டது என்பதும் உள்ளூர்க்காரர்களிலேயே பலருக்கு நினைவில்லை. பாடியிலுள்ள லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா ஆகிய ஆலைகள், செல்ஃப் மோட்டாரும் சக்கரமும் பிரேக்கும் செய்து தலைமுறைகளை வளர்த்தவை. பாடி அடங்கிய அம்பத்தூர் வட்டாரம் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது 2018இல்தான், அதற்குமுன் அதுவும் திருவள்ளூர் மாவட்டமே. ஆக, வண்டியைப் பெற்றெடுக்கும் பட்டறைகளும் அதைக் கரைத்துவிடும் உலைகளும் ஒரே நிலப்பரப்பில், ஒரு நாள் பிரயாணத்துக்குள், அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவே அதைப் பிழைக்கவைக்கும் கைகளும் இருக்கவேண்டுமல்லவா? இருக்கின்றன, குறைவாக இருக்கின்றன.

நான் சொல்ல எடுத்துக்கொண்ட வண்டி ஒரு டாடா மொபைல். அந்நாளில் டெல்கோ என்று வழங்கிய கம்பெனி 1986இல் 407 என்னும் சிறு லாரியை வெளியிட்டு வெற்றி கண்டபின், 1988இல் அதனினும் சிறிய பிக்கப் ஒன்றை 206 என்ற எண்ணோடு கொண்டுவந்தது. 1,948 கன செண்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின், ஏணியைப் படுக்கவைத்த அமைப்பிலுள்ள உறுதியான சேஸிஸ், பின்புறம் பட்டை ஸ்பிரிங், முன்னே காரைப் போன்று உட்கார வசதியான கேபின்: லாரிக்காரனுக்குச் சிறியதாகவும் கார்க்காரனுக்குப் பெரியதாகவும் தோன்றிய இந்த வண்டியை, காய்கறி மண்டிக்காரர்களும் செங்கற்சூளைக்காரர்களும் மீன் வியாபாரிகளும் தங்கள் ஜீவனத்துக்கு உற்ற துணையாகக் கொண்டார்கள். இதன் அடித்தளத்தின் மேலேதான் 1991இல் சியாராவும், 1992இல் எஸ்டேட்டும், 1994இல் சுமோவும் எழும்பின. சியாராவை நினைத்து இன்றும் உருகுகிறவர்கள் அநேகர்; அந்த உருக்கத்தை அறிந்தே கம்பெனியும் 2025இல் அதே பெயரில் ஒரு புதிய வண்டியை வெளியிட்டது. ஆனால் சியாராவுக்குத் தன் எலும்பையும் ரத்தத்தையும் கொடுத்த மூத்த பிறவியாகிய சரக்கு வண்டியை எவரும் நினைப்பதில்லை. உழைத்தவனை மறந்து, அலங்கரித்து வந்தவனைக் கொண்டாடும் இந்த வழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

கவரைப்பேட்டைக்கு அப்பால் ஒரு பழைய அரிசி ஆலையின் பின்புறத்தில், கருவேலஞ்செடிகள் கதவுக் கண்ணாடிவரை வளர்ந்து மூடியிருக்க, நான்கு டயர்களும் காற்றிழந்து மண்ணில் அழுந்த நின்றுகொண்டிருந்த அத்தகைய வண்டி ஒன்றை என் நண்பர் ஒருவர் விலைக்கு வாங்கினார். அதன் சொந்தக்காரர் காலமானபின் பிள்ளைகள் 'குட்டி யானை' எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு இதை இப்படியே விட்டுவிட்டார்கள். இரும்பு வியாபாரி எடைக்கு விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். சரக்குத் தொட்டியின் மரப்பலகைகள் மக்கி, நடுவே ஒரு வேப்பங்கன்று முளைத்திருந்தது. கேபினுக்குள் டாஷ்போர்டின்மேல் முருகன் படத்தின் சட்டம் மட்டும் எஞ்சியிருந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தபோது அடித்தகடு அரிசிமணி அளவுத் துவாரங்களாக உதிர்ந்தது. ஆனால் சேஸிஸ் எண்ணின்மேல் படிந்திருந்த மண்ணைத் துணியால் துடைத்தபோது, பொறித்த எழுத்துகள் ஒன்றுகூடச் சிதையாமல் தெளிவாகத் தெரிந்தன. அந்த ஒரு காட்சியிலேயே நண்பர் தீர்மானித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

எண்ணைச் சொன்னது வெறும் உணர்ச்சிக்காக அன்று. பழைய வண்டியை மீட்க விரும்புகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கிறார்கள். திறக்கவேண்டியது காகித உறையை. ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியிலுள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா, எந்த நாளிலோ வாங்கிய கடனுக்காகப் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் அதில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறதா, வரியும் அபராதமும் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பவற்றைத் தீர விசாரித்த பிறகே முன்பணம் கொடுக்கவேண்டும். கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35, விற்பனைக்குப் படிவம் 29ம் 30ம், சொந்தக்காரர் இறந்திருந்தால் வாரிசின் பெயருக்கு மாற்றப் படிவம் 31 என்று ஒழுங்கு இருக்கிறது. இவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று பணத்தையும் உழைப்பையும் கொட்டியவர்கள், ஓடத் தயாரான வண்டியைச் சாலையில் இறக்க வழியில்லாமல் நிறுத்திவைத்திருப்பதைப் பார்ப்பது மிகுந்த துக்கத்தைத் தருவது.

அடுத்தது துரு. பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் அருகாமையிலுள்ள இந்தப் பூமியில் உப்புக் காற்று ஆண்டு முழுவதும் வீசுகிறது. ஐப்பசி கார்த்திகை மழை சேஸிஸின் உள்வாய்களில் சேறாகத் தங்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்ததைப் போன்ற வெள்ளத்தில் ஒருமுறை மூழ்கிய வண்டியானால் நீர்மட்டத்தின் கோடு கதவின் உட்புறத்து அட்டையிலும் ஸீட்டின் அடித்துணியிலும் பதிந்திருக்கும். பெயிண்டின் பளபளப்பைப் பார்த்து ஏமாறலாகாது. அடியில் படுத்து, பட்டைகளைத் தாங்கும் கொண்டிகள் சேஸிஸோடு சேருமிடம், குறுக்குச் சட்டங்களின் மூலை, பேட்டரித் தட்டு, முன் கண்ணாடியின் அடி விளிம்பு ஆகியவற்றைச் சிறு சுத்தியால் தட்டிக் கேட்கவேண்டும். நல்ல இரும்பு கணீரென்று பேசும். உளுத்தது மொத்தென்று ஒலித்து உதிரும். கேபின் தகடு போயிருந்தால் டிங்கர் வெட்டி ஒட்டிவிடுவார், கவலையில்லை. சேஸிஸே அரித்துப்போய், பட்டை தாங்கும் இடங்களில் விரல் நுழையுமானால், அந்த வண்டியை மனம் கனத்தாவது உலைக்கு விட்டுவிடுவதே விவேகம். எல்லாவற்றையும் மீட்கவேண்டும் என்று நான் வாதிக்கவில்லை. மீட்கத்தக்கதை அடையாளம் காணும் கண் வேண்டும் என்பதே என் வாதம்.

நண்பரின் வண்டியைக் கும்மிடிப்பூண்டி பஜாருக்கு அருகே ஒரு பட்டறைக்கு இழுத்துவந்தார்கள். அங்கே அறுபது வயதைக் கடந்த மேஸ்திரி ஒருவர், வந்தவுடன் சாவியைக் கேட்ட நண்பரைத் தடுத்தார்.

“செல்ஃப் போட்றாதீங்க சார். மொதல்ல கையால சுத்தட்டும். அது சுத்துனாத்தான் அடுத்த பேச்சு.”

“எப்பங்க மேஸ்திரி தெரியும்?”

“எண்ணெய் எறங்கணும் சார். அவசரப்பட்டு நெம்புனா ரிங்கு ஒடஞ்சு போர்ல கோடு போட்டுடும். அப்புறம் லேத்துக்குத்தான் போகணும்.”

இந்த நிதானத்தில்தான் வித்தை இருக்கிறது. நீண்ட காலம் ஓடாமல் நின்ற இன்ஜினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவால் பிணைந்திருக்கும். அவர் ஆயில் சம்பின் அடித்திருகைக் கழற்றி, முதலில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். கறுப்பு ஆயில்தான் வந்தது, பால்போல் வெளுத்திருக்கவில்லை. ஆகவே ஹெட் வழியாகத் தண்ணீர் இறங்கவில்லை என்று தைரியம் கொண்டார். பிறகு ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் ஆயிலும் கலந்த கலவையைச் சிறிது ஊற்றி, மூடிவைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சில நாட்கள் கழித்து, கிராங்க் புல்லியின் நட்டில் நீண்ட ஸ்பானரைப் பொருத்தி, முன்னுக்கு ஓர் இழை, பின்னுக்கு ஓர் இழை என்று அசைத்துப் பார்த்தார். முரட்டுத்தனம் அறவே இல்லை. ஸ்பானர் முதலில் சிக்கி, பின் ஒரு முழுச் சுற்று இளகி வந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ வாங்கிவரச் சொல்லிப் பையனை அனுப்பினார்.

அதன்பிறகும் அவர் இன்ஜினை ஓடவிடவில்லை, பிரேக்கைப் பார்த்தார். நிற்கத் தெரியாத வண்டிக்கு ஓடத் தெரிந்து என்ன லாபம் என்பது அவர் கொள்கை. மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்கள் கல்லாக இறுகியிருந்தன, வீல் சிலிண்டர்கள் பிடித்திருந்தன, ஹோஸ்கள் வெடித்திருந்தன. அவையெல்லாம் புதிதாயின. டீசல் டாங்கை இறக்கி அடியிற் படிந்த கசடையும் துருவையும் கழுவி, பில்டரை மாற்றி, பம்பையும் நாஸில்களையும் சோதனைக்கு அனுப்பி, கைப்பம்பால் அடித்து ஏர் எடுத்து முடித்தபிறகே முதன்முறையாகச் செல்ஃப் அடித்தார்கள். அப்போதும் ஒரு பையன் காற்று உள்ளே போகும் குழாய்க்கருகே தட்டைப் பலகை ஒன்றைக் கையில் ஏந்தி நின்றான். டீசல் பம்பின் உட்பாகம் பிசினேறி ஒட்டிக்கொண்டிருந்தால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்துத் தன்னையே உடைத்துக்கொள்ளும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அந்த நேரத்தில் காற்றை அடைப்பதே வழி. புத்தகத்தில் படித்த எச்சரிக்கையல்ல இது, வாழ்ந்து கற்ற ஞானம். பலகைக்கு வேலை ஏற்படவில்லை. வெண்புகை கக்கி, தடுமாறி, பின் நான்கு சிலிண்டர்களும் ஒருசீராக அடிக்கத் தொடங்கின.

உடம்பு வேலையில் இத்தனை சுவாரஸ்யம் இல்லை, பொறுமைதான் வேண்டும். டிங்கர் மக்கிய அடித்தகட்டை முழுவதும் வெட்டியெறிந்து, புதிய தகட்டை அளவாக மடித்து வெல்டு வைத்தார். துருவின்மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துப் புதியது என்று காட்டும் வேலை எங்கும் நடக்கிறது. அது ஓராண்டுக்குள் குமிழ்விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். கதவுக் கைப்பிடி, விளக்குச் சட்டம் போன்ற சில்லறைச் சாமான்களுக்காக நண்பர் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளுக்குப் போய்வந்தார். சியாராவும் சுமோவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் அந்த வண்டிகளின் சாமான்களில் சில இதற்கு அப்படியே பொருந்தின. இந்த உறவு தெரிந்த வியாபாரி அமைவது பாக்கியம். தொட்டிக்குப் பழைய அளவிலேயே வேங்கைப் பலகை போட்டார்கள்.

இங்கே இளைஞர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பழைய பிக்கப் கிடைத்தவுடன் பெரிய டயர், உயர்த்திய பட்டை, வேறு கம்பெனி இன்ஜின் என்று மாற்றியமைக்கும் ஆசை பலருக்கு எழுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டி மாறுபடும்படியான மாற்றங்களை அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிசெய்திருக்கிறது. சட்டத்தை விட்டுவிடுங்கள். கும்பாபிஷேகத்துக்கு முன் ஆலயத்தில் நடக்கும் ஜீர்ணோத்தாரணத்தில், சிதைந்த தூணுக்குப் பதில் அதே அளவில் தூணை நிறுத்துவார்களேயன்றி, வேறு ஊர்க் கோபுரத்தைக் கொண்டுவந்து வைக்கமாட்டார்கள். வண்டிக்கும் அதுவே முறை என்பது என் அபிப்பிராயம். நண்பர் பழைய நிறத்தைக் கூட மாற்றவில்லை.

இவ்வளவு செய்தபின் அரசாங்கம் இந்த வண்டியை எந்தக் கண்ணோடு பார்க்கிறது? 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவுக்குப்பின் ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, ஆதி ரூபம் குலையாமல் இருக்கும் வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் பேரணிக்கும் பழுதுபார்க்கவும் எரிபொருள் நிரப்பவும் சாலையில் செல்லலாம். நல்ல விதிதான். ஆனால் அந்தச் சலுகை இருசக்கர வண்டிகளுக்கும், வியாபாரத்துக்கன்றிச் சொந்த உபயோகத்துக்கான நான்கு சக்கர வண்டிகளுக்குமே உரியது. முதன்முதலில் வந்த டாடா மொபைலுக்கு 2038இல் ஐம்பது வயது நிறையும். அன்றைக்கும் சரக்கு வண்டியாகப் பதிவான ஒன்று இந்த வாசலில் நிற்க முடியாது. ஜமீன்தார் ஏறிச் சென்ற காருக்கு மரியாதை உண்டு. அவருடைய நெல்லைச் சுமந்த வண்டிக்கு இல்லை. அது ஓடவேண்டுமானால் மற்றப் பழைய சரக்கு வண்டிகளோடு சேர்ந்து ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று பெறவேண்டும். பதினைந்து ஆண்டைக் கடந்த லாரிக்கும் பஸ்ஸுக்கும் அந்தச் சான்றின் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 1,500 ரூபாயிலிருந்து 12,500 ரூபாயாக ஏறிற்று. சிறிய வண்டிகளுக்கும் அவற்றின் அளவுக்கேற்ப ஏற்றம் வந்தது. தினமும் சுமையேற்றிப் புகை கக்கும் கிழ வண்டிகளை ஓய்வுபெறச் செய்வது அதன் நோக்கம்; அதில் நியாயம் இருக்கிறது. மணலியிலும் கும்மிடிப்பூண்டியிலும் வசிப்பவர்கள் சுவாசிக்கும் காற்றைப் பற்றி யோசிப்பவன் எவனும் அதை எதிர்க்கமாட்டான். ஆனால் மாதத்தில் ஒரு நாள் வெளியே வரும் மீட்கப்பட்ட வண்டியையும், இரவு பகலாகச் சரக்கடிக்கும் வண்டியையும் ஒரே தராசில் நிறுத்துவது எவ்விதம் பொருந்தும்?

பிற தேசங்களில் இவ்வளவு பாராமுகம் இல்லை. அமெரிக்காவில் 1925இல் ஃபோர்டு கம்பெனி மாடல் டி வண்டியைத் தொழிற்சாலையிலேயே பிக்கப்பாகச் செய்து விற்றது முதல், பண்ணைகளில் உழைத்த அவ்வண்டிகளை மீட்டுப் பாதுகாப்பது குடும்பங்கள் பரம்பரையாகச் செய்யும் காரியமாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஒரு குடியானவரின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் உதவும் ஒரே வண்டி வேண்டுமென்று ஃபோர்டு கம்பெனிக்கு எழுத, லூ பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் அதற்கான வண்டியை உருவாக்க, 1934இல் அது வெளிவந்தது என்ற வரலாற்றை அந்நாட்டார் பெருமையோடு சொல்கிறார்கள். நமக்கும் அருங்காட்சியகங்கள் இல்லாமலில்லை: கோயமுத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயர் விளங்கும் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை வடபழனியில் ஏ.வி.எம். ஸ்டூடியோவில் 2023இல் ஒன்று திறக்கப்பட்டது. பிரபுக்களின் கார்களும் நடிகர்களின் கார்களும் பத்திரமாக இருக்கட்டும். செங்குன்றத்து அரிசியையும் திருவள்ளூர்ச் செங்கல்லையும் பழவேற்காட்டு மீனையும் சுமந்து இந்த நகரத்தைக் கட்டிய வண்டிகளில் ஒன்றேனும் ஏதேனும் ஒரு கூரையின்கீழ் நிற்கவேண்டாமா?

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் தன் 2021ஆம் ஆண்டு விதியில், ஐம்பது ஆண்டைக் கடந்து சுமையேற்றும் தொழிலிலிருந்து விலகிய சிறு சரக்கு வண்டிகளையும் சேர்த்துக்கொள்ளட்டும். வாடகைக்கு ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு சேர்த்துக்கொண்டால் அரசுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. மற்றது வாசகர்களுக்கு. உங்கள் வீட்டுக் கொல்லையிலோ, ஆலை மதிலுக்குப் பின்னாலோ, தகப்பனார் ஓட்டிய பிக்கப் ஒன்று செடிமண்டி நிற்குமானால், எடைக்கு எடுப்பவருக்குச் சொல்லியனுப்பும் முன் பீரோவில் அதன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். கைதேர்ந்த மேஸ்திரி ஒருவரை அழைத்துவந்து சேஸிஸைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தேறாது என்று கையை விரித்தபிறகு விற்றால் போதும்.